வெள்ளைச் சீட்டில் கணக்கு எழுதும் மண்டி: எச்சரிக்கை

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கமிருந்து பெங்களூருக்குக் காய்கறி அனுப்பும் சொந்தக்காரர்கள் இருந்தால் இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

என் சித்தப்பாவுக்குத் தேன்கனிக்கோட்டை அருகே ஒன்றரை ஏக்கர். போர்வெல் தண்ணீரை நம்பி பீன்ஸ் போட்டிருந்தார். மூட்டைக்கு 50 கிலோ என்று ஊரிலேயே எடை போட்டு, 12 மூட்டையை இங்கே பெங்களூரில் ஒரு மொத்த மார்க்கெட்டுக்கு அனுப்பினார். பணம் வாங்க நானும் கூடப் போனேன். மண்டிக்காரர் நீட்டியது உள்ளங்கை அகல வெள்ளைத் தாள். கடைப் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, சரக்கை வாங்கியவர் யார் என்பதும் இல்லை. மூட்டைக்கு 2 கிலோ 'கழிவு' போக 576 கிலோ, கிலோ 28 ரூபாய், ஆக 16,128. அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன் என்று 1,612 பிடித்தம். இறக்குகூலி, லாரி வாடகை தனி.

எடையிலும் கமிஷனிலும் மட்டும் 2,284 ரூபாய் போனது. காய் பறித்த பெண்களுக்குக் கொடுக்க வைத்திருந்த கூலி அது.

கர்நாடகத்தின் 1966ஆம் ஆண்டு வேளாண் விற்பனைச் சட்டப்படி கமிஷனைத் தர வேண்டியவர் சரக்கு வாங்கும் வியாபாரி. விவசாயியிடம் பிடிக்கக் கூடாது. இதைச் சொல்லி முறையான பில் கேட்டேன்.

"பில் வேணும்னா வேற மண்டி பாருங்க. அதுக்கு முன்னாடி அட்வான்ஸை வெச்சிட்டுப் போங்க" என்றார்.

விதைக்கும் மருந்துக்கும் சித்தப்பா அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருந்தார். வட்டியில்லாப் பணம் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். வட்டியை எடுப்பது இந்தச் சீட்டில்தான். கடன் தீரும்வரை விலை பேசவும் முடியாது, வேறு கடைக்கு இறக்கவும் முடியாது. சித்தப்பா என் கையைப் பிடித்து, "விடுப்பா, அடுத்த பறிப்பும் இவர்கிட்டதான் வரணும்" என்றார். வயிறு எரிந்தது.

முன்பணமே வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விதைப்பு நேரத்தில் யார் கையில் காசு இருக்கிறது? கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், கிசான் கிரெடிட் கார்டு இரண்டையும் முதலில் கேட்டுப் பாருங்கள். லாரியில் ஏற்றும்முன் எடையைத் தராசோடு போட்டோ எடுங்கள். வெள்ளைச் சீட்டுதான் தருவேன் என்றால் அதைக் கிழிக்காமல் வையுங்கள், மார்க்கெட் கமிட்டிச் செயலாளரிடம் புகார் கொடுக்க ஆதாரம் அதுதான். ஒன்றிரண்டு மூட்டை என்றால் ஓசூர் உழவர் சந்தை நல்லது. உழவர் சந்தை அடையாள அட்டை இருந்தால் போதும், தரகும் இல்லை, கடை வாடகையும் இல்லை. 600 கிலோவை அங்கே சில்லறையில் தள்ள முடியாது என்பதும் உண்மை.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டோம். அட்வான்ஸை அடைக்க நானும் தம்பியும் பணம் புரட்டுகிறோம். பெங்களூர் மார்க்கெட்டுகளான கலாசிபாளையத்திலோ யஷ்வந்த்பூரிலோ பில் போட்டு, விவசாயியிடம் கமிஷன் பிடிக்காத மண்டி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த பறிப்பு நெருங்கிவிட்டது.