மளிகைச் சீட்டும் செயலியும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டில் இணையம் வழியே மளிகை வாங்கத் தொடங்கியது 2016-ஆம் ஆண்டின் இறுதியில். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய், சென்னையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் சில்லறைக்கு அல்லாடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அதுவரை மாதம் பிறந்ததும் அம்மா பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், துவரம் பருப்பில் தொடங்கிப் பெருங்காயத்தில் முடியும் சீட்டு ஒன்றை எழுதுவார். கடைப் பையன் சாமான்களை மிதிவண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்குவான். ஆகவே மளிகை வீடு தேடி வருவது எங்களுக்குப் புதிதன்று. சீட்டு கைப்பேசிக்குள் போனதுதான் புதிது.

உலகில் இதற்கு வயது நாற்பதுக்கும் மேல். 1984-இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பெண்மணி, தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கொண்டே டெஸ்கோ கடையிலிருந்து மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆகியவற்றை வரவழைத்தார். அமெரிக்காவின் வெப்வேன் என்ற இணைய மளிகை நிறுவனம் ஆர்டர்கள் பெருகும் முன்பே பெரும் கிடங்குகளைக் கட்டி, 2001-இல் திவாலானது. பெங்களூரில் 1999-இல் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கிய குழுவினர், 2011-இல் பிக்பாஸ்கெட் என்ற இணைய மளிகையுடன் மீண்டும் வந்தார்கள். மளிகையில் இலாபம் சொற்பம். எடுத்து, கட்டி, வாசலில் சேர்க்கும் கூலியோ பெரிது. செயலிகள் குறைந்தபட்சத் தொகையும் விநியோகக் கட்டணமும் வைப்பதன் காரணம் இதுவே.

முதல் சில ஆண்டுகள் நாங்கள் பயன்படுத்தியது, நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் வகைச் செயலி. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வாங்கினால் கட்டணம் உண்டு என்பதால், அம்மாவின் சீட்டு அப்படியே நீடித்தது. எண்ணெய், சோப்பு, கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவற்றில் இத்தனை ஆண்டுகளில் எனக்குச் சொல்லத்தக்க குறை எதுவுமில்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 25 கிலோ அரிசி மூட்டை ஏறி வந்தது பெரிய உதவி. தூக்கி வந்தவரின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டே கையெழுத்திட்டது மட்டும் இன்றும் உறுத்துகிறது.

குறை தெரிந்தது அரிசியின் தன்மையில்தான். இது புது அரிசி, தண்ணீரைக் குறைத்து வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லித் தருவார். பொட்டலத்தின் மேல் கட்டிய தேதி இருக்கும். நெல் எப்போது அறுவடையானது என்பது இருக்காது. இரண்டு முறை சாதம் குழைந்து கஞ்சியான பிறகே இது எனக்குப் புரிந்தது.

காய்கறி வேறு கதை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்தும், முருங்கைக்காயை இலேசாக முறுக்கியும், தேங்காயைக் காதருகே ஆட்டியும் வாங்கிப் பழகிய வீடு எங்களுடையது. ஒருமுறை வந்த அரைக் கிலோ கத்தரிக்காயில் நான்கு சொத்தை. படமெடுத்து அனுப்பிய சில நிமிடங்களில் பணம் திரும்பிவிட்டது. அந்த வேகத்தை நான் வியந்து சொன்னபோது அம்மா, "காசு வந்துடுச்சு, சரி. சாம்பார்ல எதைப் போடறது?" என்றார். கொசுறு என்பதும் செயலியில் கிடையாது. கறிவேப்பிலைக்கும் அங்கே விலை உண்டு.

2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தபோது, எங்கள் நம்பிக்கையெல்லாம் இந்தச் செயலியின் மேல்தான் இருந்தது. ஆனால் எப்போது திறந்தாலும் நேரங்கள் அனைத்தும் நிரம்பியிருந்தன. நள்ளிரவு 12 மணிக்குப் புதிய நாளின் நேரங்கள் திறக்கும் என்று யாரோ சொல்ல, பல இரவுகள் விழித்திருந்து ஒரே ஒருமுறை வெற்றி பெற்றேன். மே மாதம் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்ட பிறகு, எங்களுக்குச் சோறு போட்டவர் அதே தெருமுனைக் கடைக்காரர்தான். நான்கு ஆண்டுகளாக அவரிடம் தீப்பெட்டி தவிர எதுவும் வாங்காத எங்களுக்கும், அரைக் கதவு திறந்து பருப்பு கொடுத்தார்.

அடுத்து வந்தது பத்து நிமிட விநியோகம். வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத சிறு கிடங்குகளை குடியிருப்புகளுக்கு நடுவே இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைத்து, அடிக்கடி விற்கும் பொருள்களை மட்டும் அடுக்கி, ஆர்டர் விழுந்த ஓரிரு நிமிடத்தில் கட்டி முடிப்பதே இதன் சூட்சுமம். வசதிதான், ஆனால் எங்கள் சீட்டைக் கொன்றது இதுவே. தீர்ந்தால் அப்போதே வாங்கலாம் என்றானபின், எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வீட்டில் போயிற்று. சென்ற ஆண்டு ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தேன்: முன்பு மாதம் இரண்டாக இருந்த ஆர்டர், முப்பத்தொன்று. கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்கு, கையாளும் கட்டணமும் சிறு ஆர்டர் கட்டணமும் சேர்த்து ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறேன். இலவச விநியோகத்துக்காகச் சேர்த்த சிப்ஸ் பொட்டலங்கள் தனி.

பணம் செலுத்தும் பக்கத்தில் நன்கொடைக்கு முன்கூட்டியே இட்டிருந்த குறியையும் பல மாதம் கழித்தே கவனித்தேன். கேளாமல் கூடையில் எதையும் சேர்ப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்கின்றன. உணவுப் பொருள் கைக்கு வரும்போது அதன் ஆயுளில் 30 விழுக்காடோ 45 நாளோ மிச்சமிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் அறிவுறுத்தியதிலிருந்து, வாசலிலேயே தேதியைப் பார்த்து வாங்குகிறேன்.

இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் மீண்டும் ஒரு தாள் தொங்குகிறது. தீர்ந்ததை அதில் எழுதி, மாதத்தின் முதல் சனிக்கிழமை பழைய செயலியில் ஒரே ஆர்டராகப் போடுகிறோம். காய்கறி வாங்குவது தள்ளுவண்டியில், வண்டிக்காரப் பெண்மணி யுபிஐயில் பணம் வாங்கிக்கொண்டு கறிவேப்பிலையைச் சும்மா தருகிறார். பத்து நிமிடச் செயலியை நீக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. எலுமிச்சையும் இளநீரும் ஓஆர்எஸ் பொட்டலமும் ஒன்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தன. செயலி கைப்பேசியிலேயே இருக்கிறது, அதன் அறிவிப்புகளை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.