மூன்றாம் வருடப் பெட்டியைத் திறக்கும் முன்: புல் மாத்திரையும் என் காதும்

அலுவலகத் தம்பி ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "அண்ணா, இரண்டு வருடமாக அந்தப் புல் மாத்திரை போடுகிறீர்களே, ஐ.ஜி.இ. எவ்வளவு குறைந்தது?"

அது புல் மகரந்த ஒவ்வாமையை அடக்க நான் போடும் மாத்திரை. ஐ.ஜி.இ. என்பது ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள், ரத்தத்தில் அளப்பார்கள். எங்கே குறைந்தது, ஏறியது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதனால் ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்து கேட்பவருக்கு அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மெல்போர்னுக்கு வந்த நான்காம் வருடம் எனக்கு ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லின் மகரந்த ஒவ்வாமை பிடித்தது. அக்டோபரில் வடக்குக் காற்று மேய்ச்சல் நிலங்களைத் தாண்டி நகருக்குள் வந்தால் கண் வீங்கும், மூக்கு அடைக்கும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. 2016 நவம்பர் 21 மாலை இங்கே இடிமழை ஆஸ்துமாவில், அதாவது இடிமழையோடு திடீரென்று பரவும் மூச்சுத்திணறலில், பத்துப் பேர் இறந்தார்கள். புல்லின் முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும். ஈரத்தில் அது வெடித்தால் வெளிவரும் நுண்துகள்கள் நுரையீரல்வரை இறங்கிவிடும். அன்று பாதிக்கப்பட்டவர்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள் என்று படித்தபிறகுதான் ஒவ்வாமை மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.

மாத்திரையின் சங்கதி இதுதான்: ஐந்து வகைப் புல்லின் மகரந்தச் சாறு, பருவத்துக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கவேண்டும், தினமும் ஒன்று, மூன்று வருடம். முதல் மாத்திரை மருத்துவர் முன்னிலையில், பிறகு அரை மணி நேரக் காத்திருப்பு. அதில் எனக்குக் குறை இல்லை.

குறை காதில்தான். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்த அரை நிமிடத்தில் இரண்டு காதுக்குள்ளும், விரல் எட்டாத ஆழத்தில், அரிப்பு தொடங்கும். விழுங்காமல் இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பதால் வாயைத் திறந்து திட்டவும் வழியில்லை. பள்ளிக்குக் கிளம்பும் மகள் சரியாக அந்த இரண்டு நிமிடத்தில் வந்து எல்லா அனுமதியும் கேட்பாள். நான் அரிப்பில் தலையை ஆட்டுவது சம்மதமாகிவிடும். சில நாளில் போய்விடும் என்றார்கள். எனக்குப் பதினோரு வாரம் இருந்தது. அடுத்த ஜூனில் முதல் மாத்திரையோடு திரும்பி வந்தது.

நாக்கடியில் இருக்கும், ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்களின் மேல் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மகரந்தப் புரதம் அதைத் தொட்டதும், அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. நவம்பரில் மூக்கில் நடப்பதை நானே காசு கொடுத்து வாயில் நடத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

முதல் பருவத்தின் நடுவில் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். ரைகிராஸ் ஐ.ஜி.இ. 28-லிருந்து 61 ஆகியிருந்தது. அறிக்கையை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவதுபோல் போனேன். மருத்துவர் பதறவே இல்லை. வாயின் தோலடியில் இருக்கும் செல்கள் புரதத்தைத் தாடைக்குக் கீழுள்ள நிணநீர்க் கணுக்களுக்குத் தூக்கிச் செல்கின்றன. அங்கே பழைய நினைவு உள்ள செல்கள்தான் முதலில் கூச்சல் போடுமாம், அதனால் ஐ.ஜி.இ. ஏறும். மாதக்கணக்கில் தினமும் அதே புரதம் வந்துகொண்டிருந்தால் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி, இன்டர்லூகின்-10 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து கூச்சலை அடக்கும். அந்தச் சூழலில் பி செல்கள் ஐ.ஜி.ஜி.4 என்ற வேறு எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கும். இது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது. மகரந்தப் புரதத்தின் மேல் ஐ.ஜி.ஜி.4 முதலில் உட்கார்ந்துவிட்டால், ஐ.ஜி.இ. எத்தனை இருந்தாலும் உட்கார இடமில்லை.

என் கேள்வி எளியது: அப்படியானால் இதை மாத்திரைப் பெட்டியின் மேல் ஏன் அச்சிடவில்லை? இரண்டாம் வருட முடிவில் என் ஐ.ஜி.இ. 33. அதாவது, கணக்குப்படி நான் தொடங்கியதைவிட மோசம். தோல் பரிசோதனையிலும் ரைகிராஸ் சாறு சொட்டிய இடம் இன்னும் தடிக்கிறது.

இந்தச் சிகிச்சைக்கே இப்படி ஒரு ராசி. 1911-இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டபோது, மகரந்தத்தில் நஞ்சு இருக்கிறது, நஞ்சுமுறி உண்டாக்குகிறோம் என்று நினைத்தார். ஐ.ஜி.இ. கண்டுபிடிக்கப்பட்டது 1960-களில். அரை நூற்றாண்டு, காரணம் தெரியாமலேயே பலித்திருக்கிறது!

எனக்கும் பலித்ததா? சென்ற நவம்பரில் ஒரு நாள், கன மீட்டர் காற்றில் 100 புல் மகரந்தத் துகளைத் தாண்டும் 'மிகக் கடுமை' அறிவிப்பு. அன்று கொல்லையில் புல் வெட்டி, துணி காயப்போட்டு, மாலைவரை வெளியிலேயே இருந்திருக்கிறேன். இரவு மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அலமாரியில் இருந்த தும்மல் மாத்திரை அட்டை, பாதிகூடக் காலியாகாமல், காலாவதியாகியிருந்தது. அந்த அட்டையை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. நியாயமாகச் சொன்னால், அந்த வசந்தத்தில் எங்கள் பக்கம் மழை குறைவு. புல்லே சரியாக வளரவில்லை. எது மாத்திரையின் புண்ணியம், எது வானத்தின் புண்ணியம் என்று பிரிக்க எனக்கு வழியில்லை.

இரண்டு வருடத்தோடு நிறுத்தலாமா என்றால் அதற்கும் கட்டை போடுகிறார்கள். லண்டனில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், புல் மகரந்தச் சிகிச்சையை இரண்டு வருடத்தில் விட்டவர்களின் மூக்கு, மூன்றாம் வருட முடிவில் வெற்று மருந்து எடுத்தவர்களின் மூக்கைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. மூன்று வருடம் முடித்தவர்களுக்குத்தான் பலன் நிற்கிறது. செலவு முழுவதும் என் கைப்பணம்.

ஆகவே தம்பி, உனக்கு வேண்டாம். உனக்கு வருவது வருடத்தில் மூன்று வாரத் தும்மல். மூக்குத் தெளிப்பானை ஒழுங்காகப் போட்டாலே அடங்கும். இந்த விலைக்கு, இந்தக் காது அரிப்புக்கு, எண் ஏறும் எரிச்சலுக்கு நான் யாரையும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஜூன் முதல் தேதிக்கு என் பெட்டிகளை மருந்துக்கடையில் சொல்லிவைத்தாயிற்று. இதை எழுதும்போதே வலது காது அரிக்கிறது.