குப்பை நிலத்தில் எது கைகொடுக்கும்? ஏ.டி. ப்ரோ, ஈக்வினாக்ஸ் 800, டியூஸ் 2

அமெரிக்க ஊர்களின் பழைய பூங்காக்கள் மெட்டல் டிடெக்டர்காரர்களுக்கு ஆசையும் காட்டும், அலைக்கழிக்கவும் செய்யும். 1964 வரை வெளிவந்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்து எழுந்த புல்தரையில் அவற்றில் சில விழாமலா இருந்திருக்கும்? ஆனால் அதே தரையில்தான் ஆணி, பாட்டில் மூடி, அலுமினியத் தாள் எல்லாம் புதைந்து கிடக்கின்றன. 1960களில் பீர், சோடா கேன்களில் இருந்து பிய்த்து எறியும் வளையங்கள் வந்தன. திறந்த பிறகும் கேனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வகை 1975இல்தான் கடைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் வீசிய வளையங்கள் அலுமினியம் என்பதால் துருப்பிடிக்கவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை.

புது டிடெக்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை அங்குல ஆழம் போகும் என்றுதான். இப்படிப்பட்ட தரையில் அது இரண்டாம்பட்சம். நாலு அங்குலத்தில் இருக்கும் காசைக்கூடப் பக்கத்து ஆணி மறைத்துவிடும். ஆணியைப் பார்த்த டிடெக்டர் எவ்வளவு சீக்கிரம் அதிலிருந்து மீண்டு, ஒட்டிக் கிடக்கும் காசைப் பற்றிச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கண்ணோட்டத்தில் மட்டும் ஏ.டி. ப்ரோ, ஈக்வினாக்ஸ் 800, டியூஸ் 2 என்ற மூன்று டிடெக்டர்களையும் வைத்துப் பார்க்கிறேன். கடற்கரை, ஆறு, தங்கச் சுரங்கம் எல்லாம் வேறு கதை.

முதலில் கேரெட் நிறுவனத்தின் ஏ.டி. ப்ரோ. 2010இல் வந்தது, இந்தத் துறையில் கிழவன் என்றே சொல்லலாம். 15 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே அலைவரிசை, நாலு ஏஏ பேட்டரி, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர் அரை மணி நேரத்தில் ஓட்டக் கற்றுக்கொள்வார். அடியில் இருப்பது என்ன என்று ஊகிக்கத் திரையில் ஒரு எண் வரும்: நிக்கல் (5 சென்ட் காசு) 52, 53 என்று காட்டும். டைம் 80களின் தொடக்கம், குவார்ட்டர் அதற்குச் சற்று மேல். இதில் எனக்குப் பிடித்தது ‘அயர்ன் ஆடியோ’ என்ற ஒற்றைப் பொத்தான். பாட்டில் மூடி இரும்புத் தகடு. தட்டையாக, வட்டமாக இருப்பதால் நல்ல காசுபோலவே மணி அடிக்கும். அயர்ன் ஆடியோவைப் போட்டுவிட்டு அதே இடத்தில் காயிலை (தரைக்கு மேல் ஆட்டும் தட்டு) வீசுங்கள். மணியோசையின் இரண்டு பக்கமும் ஒரு கரகரப்பான உறுமல் ஒட்டிக்கொண்டு வரும். காசுக்கு அந்த உறுமல் வராது. இதைப் பழகிக்கொண்டாலே தோண்டும் வேலை பாதியாகக் குறையும்.

குறை என்னவென்றால், மீளும் வேகத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கூடவே வரும் காயில் 8.5க்கு 11 அங்குலம். குப்பைக்கு அது பெரிது. ஒரே வீச்சில் அதற்கடியில் நாலைந்து பொருள் மாட்டும், எல்லாம் சேர்ந்து குழப்பும். 5க்கு 8 அங்குலக் காயிலை மாட்டிவிட்டால் இதே டிடெக்டரா என்று தோன்றும் அளவுக்குப் போக்கு மாறிவிடுகிறது.

அடுத்தது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. 2018இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சந்தையைப் புரட்டிப் போட்டது. ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பிக் கேட்கிறது. அதைவிட, ‘ரெக்கவரி ஸ்பீடு’ என்று 1 முதல் 8 வரை ஒரு அளவு இருக்கிறது, அதுதான் குப்பை நிலத்தில் நாம் தேடியது. பூங்காவுக்கான முதல் நிரலில் அது 5இல் இருக்கும். ஆணி நெருக்கமான இடத்தில் 6, 7க்கு ஏற்றினால் கட்டிக் கட்டியாக வந்த ஒலி தனித்தனியாகப் பிரியும். ஆழம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 800இன் தம்பியான 600இல் இதே அளவு மூன்றே படிகள். காசு மிச்சம் பண்ண 600 வாங்க நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

‘அயர்ன் பயஸ்’ என்று இன்னொரு திருகல் உண்டு. அதை ஏற்றினால் பாட்டில் மூடிகளும் வளைந்த ஆணிகளும் காசு வேஷம் போடுவது குறையும். ஆனால் இரும்பை ஒட்டிக் கிடக்கும் நிஜக் காசையும் சேர்த்து அமுக்கிவிடும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். மூடி அதிகமாக இருக்கும் விளையாட்டு மைதானத்தில் ஏற்றுவேன், பழைய கட்டடம் இடிந்து ஆணி கிடக்கும் இடத்தில் நன்றாகவே குறைப்பேன். சென்சிட்டிவிட்டியும் (சிக்னலை உணரும் கூர்மை) அப்படித்தான்: 25 வரை இருக்கிறதே என்று ஏற்றி வைத்தால் காது வலிக்கும். குப்பையில் 16, 17 போதும்.

லாட வடிவத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் இதுவரை மறைத்து வைத்திருந்த இரும்பெல்லாம் கேட்கத் தொடங்கும். ஒரு பழைய ஓக் மரத்தடியில் 12, 13 என்று (ஈக்வினாக்ஸின் எண் அளவு வேறு) மெல்லிய சிக்னல், ஒரு பக்கம் வீசும்போது மட்டும் வருகிறது என்று வையுங்கள். லாடத்தைத் தட்டிவிட்டு, சிக்னல் வந்த புள்ளியைச் சுற்றி 90 டிகிரி தள்ளி நின்று மறுபடி வீச வேண்டும். இரும்பு உறுமலுக்கு நடுவே 13 அதே புள்ளியில் நின்றால் தோண்டலாம். பெரும்பாலும் நிக்கல், சில சமயம் கேன் வளையம். இடம் நகர்ந்தால் அது ஆணியின் முனை காட்டும் மாயம். திரையைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய வராது, காதுதான் வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது, பிரான்ஸ் நாட்டு எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் 2. விலை கேட்டால் கொஞ்சம் மூச்சு வாங்கும். கையில் எடுத்ததும் ஏன் என்று பாதி புரியும்: மற்ற இரண்டும் 1.3, 1.4 கிலோ, இது ஒரு கிலோவுக்கும் கீழே. காயிலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒயர் கிடையாது. நாள் முழுக்க வீசுகிறவரின் தோள்பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியும். ‘ரியாக்டிவிட்டி’ என்பதுதான் இதில் மீளும் வேகம். அதை ஏற்றி, ‘ஃபாஸ்ட்’ நிரலைப் போட்டு, 9 அங்குலக் காயிலோடு ஆணிக்காட்டில் இறங்கினால் மற்ற இரண்டும் எட்டிப் பிடிக்கச் சிரமப்படும். இரண்டு ஆணிக்கு நடுவே ஒரு டைம் ‘டிக்’ என்று கத்தரித்த மாதிரி வரும். அது அவ்வளவு குட்டியான ஒலி என்பதால் புதியவர் கவனிக்காமலே தாண்டிப் போவார். இந்த டிடெக்டரின் பலமும் வம்பும் இரண்டும் அங்கேதான்.

மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. வாங்கின புதிதில் எல்லாவற்றையும் நோண்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். முதல் சீசன் முழுக்க ரியாக்டிவிட்டி, சென்சிட்டிவிட்டி இரண்டை மட்டும் தொடுவது நல்லது. பேட்டரி இன்னொரு தலைவலி. காயிலுக்குள் ஒன்று, ரிமோட்டில் ஒன்று, ஹெட்போனில் ஒன்று. ஒன்றுக்குச் சார்ஜ் போட மறந்தாலும் அன்றைய பாடு போச்சு. ஏ.டி. ப்ரோகாரர் பெட்டிக்கடையில் நாலு ஏஏ வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். 20 மீட்டர் தண்ணீருக்குள் இறங்கும் என்பது பூங்காவில் எதற்கும் பயனில்லை, ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

வாங்கும் முன் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பலகையில் ஒரு சென்ட் காசை வைத்து, அதைச் சுற்றி நாலு துருப்பிடித்த ஆணிகளை வையுங்கள். பழைய தாமிரச் சென்ட் வேண்டும். 1982க்குப் பிறகு வந்தவை துத்தநாகம், வேறு எண் காட்டும். பல திசைகளிலிருந்து வீசிப் பார்த்தால் எந்த மெஷின், எந்தக் காயில் எத்தனை திசையில் காசைச் சொல்கிறது என்று தெரிந்துவிடும். சின்னக் காயில் மாட்டிய ஏ.டி. ப்ரோ, 11 அங்குலக் காயிலோடு வரும் ஈக்வினாக்ஸுக்கு ஈடு கொடுப்பதை இந்தப் பலகையில் பார்க்கலாம். ஈக்வினாக்ஸுக்கு 6 அங்குலக் காயிலை மாட்டினால் ஆட்டம் மறுபடி மாறும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், புது மாடலைத்தான் காட்டுவார்.

ஒரு விஷயத்தில் மூன்றும் ஒரே லட்சணம். கேன் வளையமும் தங்க மோதிரமும் ஒரே எண்களில்தான் வரும். பொருளின் கடத்துத்திறன், அளவு, வடிவம் மூன்றும் கலந்துதான் அந்த எண் கிடைக்கிறது. உலோகத்தின் பெயரை எந்த டிடெக்டரும் படிப்பதில்லை. வளையம் வேண்டாம் என்று அந்த எண்களை மூடி வைத்தால் மோதிரத்தையும் சேர்த்து மூடுகிறோம். அதனால் தங்கம் தேடி வாங்குகிறவர்களுக்கு விலை உயர்ந்ததில் கூடுதல் லாபம் இல்லை, வளையம் வளையமாகத் தோண்டும் பொறுமை இருந்தால் போதும். தோண்டுமுன் அந்தப் பூங்காவில் அனுமதி உண்டா என்று நகராட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்கள் பக்கம் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது.

என்னைக் கேட்டால், மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு மட்டும் போகிறவருக்குச் சின்னக் காயிலோடு ஏ.டி. ப்ரோ தாராளம். வாராவாரம் ஒரே பூங்காவை விடாமல் சலிக்கிறவருக்கு ஈக்வினாக்ஸ் 800. டியூஸ் 2, ஏற்கனவே வேறொன்றில் காது பழகியவருக்கு. முதல் மெஷினாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஈக்வினாக்ஸ் 900 வந்த பிறகு 800 செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. அப்படி வாங்கினால் 6 அங்குலக் காயிலையும் சேர்த்துத் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். தருகிறார் என்றால் கம்பியில் நாலு கீறல் இருந்தாலும் வாங்கிவிடலாம்.