பியர் ஆலைச் சுற்றுலாவுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்தாதீர்கள்

நெடுநாள் கழித்து என்னைப் பார்க்க வந்த நண்பர்கள் நால்வரை ஒரு நாள் பியர் ஆலைகளுக்கு அழைத்துச் செல்ல விரும்பி, வாகனம், வழிகாட்டி, சுவைத்துப் பார்ப்பதற்கான கட்டணம் அனைத்தும் அடங்கியதாகக் கூறிய ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் முழுத் தொகையையும் முன்பே செலுத்திவிட்டேன். நான்கு ஆலைகளில் தயாரிப்புப் பகுதிகளைப் பார்வையிடலாம், ஒவ்வொன்றிலும் ஐந்து வகை பியரைச் சுவைக்கலாம் என்று எழுத்திலேயே உறுதியளித்திருந்தார்கள். அன்று நாங்கள் கண்ட உண்மையான ஆலை ஒன்றே ஒன்றுதான்.

முதல் இடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் செம்புக் கலன்கள் பளபளத்தன. எங்களுள் ஒருவர் வீட்டிலேயே சிறிய அளவில் பியர் காய்ச்சுபவர் என்பதால், வழிகாட்டி ஆர்வத்தோடு விளக்கிக்கொண்டிருந்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியம் வேகும் இடத்தில் இருக்க வேண்டிய மணம் சிறிதும் இல்லை. ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டிய தொழிலில் தரை முற்றிலும் உலர்ந்து கிடந்தது. கேட்டதற்கு, இன்று விடுமுறை என்றார் வழிகாட்டி. ஆட்களுக்கு விடுமுறை உண்டு, பியரை நொதிக்கவைக்கும் ஈஸ்டுக்கு ஏது? ஏல் வகை பியர் நொதித்து முடியச் சில நாட்களும், லாகர் வகை பியர் முதிரச் சில வாரங்களும் ஆகும் என்பதால், இயங்கும் ஆலையில் ஏதேனும் ஒரு கலனாவது நிறைந்து, வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இங்கே வெப்பநிலை காட்டும் கருவிகள் எல்லாமே அணைந்திருந்தன. பியர் வேறோர் இடத்திலிருந்து பீப்பாய்களில் வருகிறது என்பதை, பரிமாறிய இளைஞரே எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் இடத்தில் நடந்தது அதைவிட மோசம். ஐந்து சிறிய கண்ணாடிக் குவளைகள் ஐந்து பெயர்களோடு வந்தன. ஆனால் அவற்றுள் இரண்டு ஒரே குழாயிலிருந்து நிரப்பப்பட்டதை நானே கண்ணால் பார்த்தேன். கோதுமை பியர் என்று வைக்கப்பட்டது தெளிந்த நீர்போல் இருந்தது. வடிகட்டித் தெளிவாக்கிய கோதுமை பியரும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகை ஈஸ்ட் தரும் வாழைப்பழ மணமோ கிராம்பு மணமோ அதில் துளியும் இல்லை. எல்லாவற்றையும் பனிக்கட்டிபோல் குளிரவைத்துக் கொடுத்ததன் காரணம் பிறகுதான் புரிந்தது. கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போவதோடு மணமும் மேலெழாது. கால் மணி நேரம் தொடாமல் வைத்திருந்தபோது ஒன்றில் வெண்ணெய் வாடையும், மற்றொன்றில் காடிப் புளிப்பும் தெளிவாக எழுந்தன. வெண்ணெய் வாடைக்கு நொதித்தல் முழுமை அடையாததும் காரணமாகலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் ஐயுற வேண்டியது குழாய்களின் தூய்மையையே. அவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும் என்பது தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று கேட்டபோது, அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது மட்டுமே பதிலாகக் கிடைத்தது.

மூன்றாவது, மிகச் சிறிய ஆலை. அங்கிருந்தவர் வறுத்த பார்லியை மென்று பார்க்கச் சொன்னார், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைக் கசக்கி முகரக் கொடுத்தார், மென்மையான வகையில் தொடங்கிக் கருநிற ஸ்டவுட்டில் முடியும்படி வரிசையாகப் பரிமாறினார். சுற்றுலா நிறுவனம் தங்களிடம் முன்பதிவு எதுவும் செய்யவில்லை என்பதையும், நாங்கள் நேரடியாகவே வந்திருக்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். நான்காவது ஆலை பூட்டியிருந்தது.

இத்தகைய சுற்றுலாவுக்குப் பணம் கட்ட எண்ணுபவர்கள், பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆலையையும் தாமே தொடர்புகொண்டு, அந்த நாளில் திறந்திருக்குமா, அங்கேயே பியர் தயாரிக்கிறார்களா, குழுவின் பெயரில் முன்பதிவு உள்ளதா என்று கேட்டுவிட வேண்டும்; ஒரு பகுதித் தொகையை மட்டும் கொடுத்து, மீதியைப் பயணம் முடிந்த பிறகு தருவதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் படங்களோடு புகார் அனுப்பினேன். தயாரிப்புப் பகுதியைப் பார்வையிடல் என்றுதான் ஒப்புக்கொண்டோம், அங்கே தயாரிப்பு நடக்கும் என்று எங்கும் எழுதவில்லை என்று பதில் வந்தது. பூட்டியிருந்த ஆலைக்கு ஈடாக, அடுத்த முறை இதே சுற்றுலாவுக்கு வந்தால் கட்டணத்தில் சலுகை தருகிறார்களாம்.