ரகசியக் கல்யாணமா, காத்திருப்பா: இரண்டு எல்லைப்புறக் காதல்கள்

ஜெஸ்ஸி பென்டன் அமெரிக்க செனட்டர் மகள், வயது 17. ஜான் ஃப்ரீமான்ட் கையில் காசில்லாத நில அளவை லெப்டினன்ட். அவருடைய பெற்றோர் முறைப்படி மணந்தவர்களும் இல்லை. வீட்டில் விடுவார்களா? டெமாய்ன் ஆற்றை அளக்கப் போய்த் திரும்பியவரை 1841-இல் ஜெஸ்ஸி ரகசியமாக மணந்தார். அப்பா கொதித்தார், அப்புறம் இறங்கினார். மருமகனின் மேற்குப் பயணங்களுக்கு அவரே பெரிய துணை. பயண அறிக்கையை எழுத உதவியது ஜெஸ்ஸி.

சாரா டெய்லர் காத்திருந்தார். மாப்பிள்ளை ஜெபர்சன் டேவிஸ் வசதியான வீட்டுப் பிள்ளைதான். ஆனால் கோட்டைத் தளபதியான அப்பா சக்கரி டெய்லருக்குப் பட்டாளத்து மருமகன் வேண்டாம். டேவிஸ் பட்டாள வேலையை விட்டார். 1835 ஜூனில் கல்யாணம், பெற்றோர் வரவில்லை. மூன்றே மாதத்தில் மலேரியாவில் சாரா இறந்தார். என்னைக் கேட்டால் ஜெஸ்ஸி செய்ததே சரி. ஆனாலும் மலேரியாவுக்குக் காத்திருப்பைக் குறைசொல்ல முடியாது.