கனோலாவா, நாட்டுக் கடுகா? அறுப்பில்தான் வித்தியாசம் தெரியும்

ஆனியில் போட்ட நிலக்கடலையைப் பிடுங்கி முடித்ததும், ஐப்பசி ஈரத்தை வீணாக்காமல் இன்னொரு எண்ணெய்வித்து எடுக்கலாமே என்று யோசிப்பது நியாயம்தான். கடையில் கனோலா எண்ணெய் பாட்டிலின் விலையைப் பார்த்தவர்களுக்கு, அதையே நம்ம கொல்லையில் போட்டால் என்ன என்றும் தோன்றும். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுக் குளிரில் வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் நாட்டுக் கடுகைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கனோலா தனிச் செடி இல்லை, கடுகுக் குடும்பத்தில் ஒரு தரப் பெயர். எண்ணெயில் எரூசிக் என்ற கொழுப்பு அமிலம் 2 சதவீதத்துக்குக் கீழ், பிண்ணாக்கில் காரத்தைத் தரும் குளுக்கோசினோலேட் கிராமுக்கு 30 மைக்ரோமோலுக்குக் கீழ் இருந்தால் அது கனோலா. கனடாவில் 1974-இல் ‘டவர்’ என்ற ரகம் வந்தது, 1978-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். உலகில் பெரும்பாலும் இதற்காக விதைப்பது பிராசிகா நேப்பஸ். நம் அஞ்சறைப்பெட்டியில் இருப்பது பிராசிகா ஜுன்சியா. பங்காளிகள்தான், குணம் வேறு.

நிலம், உரம், விதைப்பு இவற்றில் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. தண்ணீர் தேங்காத செம்மண் போதும். ஏக்கருக்கு 2 கிலோ விதையை நாலைந்து மடங்கு மணலோடு கலந்து, ஒரு அடிக்கு ஒரு சால் வீதம், ஒரு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் விட வேண்டும். ஆழம் கூடினால் இவ்வளவு சின்ன விதை மேலே வராது. 15 முதல் 20 நாளுக்குள் செடிக்குச் செடி நாலு விரற்கடை இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். கலைக்க மனசு வராதவர்கள் பயிரே போட வேண்டாம். நெருக்கமாக நின்றால் தண்டு மெலிந்து, காய் பிடித்ததும் சாய்ந்துவிடும். கந்தகம் மட்டும் மறக்கக் கூடாது. டிஏபி உரம் போட்டால் அது கிடைக்காது. ஏக்கருக்கு 100 கிலோ சூப்பர் பாஸ்பேட் போட்டால் 16 கிலோ மணிச்சத்தோடு 11 கிலோ கந்தகமும் சேர்ந்தே போகிறது. தண்ணீர் கையிருப்பு குறைவு என்றால் இரண்டே பாய்ச்சல்: பூக்கும் முன் ஒன்று, காய் பிடிக்கும்போது ஒன்று.

வெயிலில்தான் முதல் பிளவு. வடக்கே பஞ்சாபில் கனோலாத் தரத்தில் போடும் கோபி சர்சோன் (இதுவும் நேப்பஸ்தான்) ரகங்கள், ஜி.எஸ்.சி. 7 போன்றவை, அக்டோபரில் விதைத்து 150 நாளுக்கு மேல் நிற்பவை. இங்கே சூடு அதிகம் என்பதால் நாள் கொஞ்சம் குறையும். ஆனாலும் காய் முற்றும் காலம் மாசி, பங்குனி வெயிலில் போய் விழும். நேப்பஸ் வகைக்குப் பூக்கும்போது 30 டிகிரி தாண்டினால் பூ உதிரும், காய் சூம்பும். தருமபுரி, அரூர்ப் பக்கம் அந்த மாதங்களில் பகல் வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தளி, அஞ்செட்டி மேட்டில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் வடக்கே ஏக்கருக்கு இத்தனை குவிண்டால் என்று எழுதிய கணக்கை அப்படியே இங்கே இறக்கி வைத்து லாபம் பார்ப்பதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. நாட்டுக் கடுகு நூறு, நூற்றுப்பத்து நாளில் தை முடியும் முன்பே கொல்லையைக் காலி செய்துவிடும். வறட்சியும் சூடும் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே பழக்கம்.

விற்பனையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நாலு விதையை வாயில் போட்டு நசுக்கினால் நாட்டுக் கடுகு மூக்கில் ஏறும். கனோலாவில் அது வராது, அந்தக் காரத்தைக் குறைத்ததால்தான் அதற்கு அந்தப் பெயரே. மண்டியில் கடுகு என்றால் தாளிப்புக்கும் ஊறுகாய்க்கும் போகிற கடுகு. காரம் இல்லாததை அங்கே யாரும் அந்த விலைக்கு எடுக்க மாட்டார்கள். கனோலாவுக்கு எண்ணெய் ஆலைதான் வழி. செக்கில் ஆட்டிக்கொள்ளலாம், ஆனால் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஓடும் ஊரில் அதை யாருக்கு விற்பது என்பதை விதைக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

உண்மையில் ஆளை அடிப்பது அறுப்பு.

முற்றிய கடுகுக் காய் ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்துப் பாருங்கள். நடுவில் காகிதம் போல ஒரு ஜவ்வு, அதைச் சுற்றிச் சட்டம் போல ஒரு நரம்பு. இரண்டு பக்கமும் படகு மாதிரி இரண்டு தோடு. தோட்டையும் நரம்பையும் ஒட்டி வைத்திருப்பது மிக மெல்லிய ஒரு அடுக்கு. காய் காயக் காய அந்த அடுக்கு பலம் இழக்கிறது, தோடு முறுக்கிக்கொள்கிறது, பிறகு கை பட்டாலும் காற்று பட்டாலும் பட்டென்று விட்டுவிடும். நேப்பஸ் காயில் இந்த ஒட்டு பலவீனம். ஜுன்சியாவில் அதைவிட உறுதி. வெடிக்கவே வெடிக்காது என்று இல்லை, ஆனால் நாலைந்து நாள் அவகாசம் தரும். கூலி ஆள் இன்று வருகிறேன் என்று நாளை மறுநாள் வரும் ஊரில் அந்த நாலைந்து நாள்தான் மகசூல்.

இதில் நம்ம ஊர்த் தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. தையில் விடியற்காலை பனி காயை நனைக்கும், பத்து மணிக்குமேல் வெயில் காய்ச்சும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் அந்த ஒட்டு இன்னும் வேகமாக விடும். கனோலா காலம் தள்ளி பங்குனிக்குப் போனால் பனி குறையும். ஆனால் கோடை இடிமழை ஒன்று வந்தால் காற்றிலேயே பாதி போய்விடும்.

எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்கவும் கணக்கு உண்டு. அறுத்த இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் கிழித்து, கீழே கிடக்கும் விதையை எண்ண வேண்டும். கனோலா ஆயிரம் விதை சுமார் மூன்றரை கிராம். சதுர அடிக்கு 100 விதை கிடந்தால் ஏக்கருக்கு 15 கிலோ மண்ணில் இருக்கிறது என்று அர்த்தம். நூறு விதை பார்வைக்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் ஏமாற்றம். உள்ளங்கைக் குழியில் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும்.

கனடாவில் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, நடுத்தண்டில் அறுபது சதவீத விதை நிறம் மாறியதும் அறுத்து வரிசையாகப் போட்டுக் காயவிட்டு, பிறகு மெஷினால் பொறுக்குவது. இன்னொன்று, காய் வெடிக்காத கலப்பினங்களைப் போட்டு, ஈரம் பத்து சதவீதத்துக்கு இறங்கியதும் நின்ற பயிரிலேயே கம்பைன் என்ற அறுவடை மெஷினை விடுவது. இரண்டாவது சுகமான வழிதான். ஆனால் அங்கே விற்கும் விதையில் பெரும்பகுதி மரபணு மாற்றிக் களைக்கொல்லி தாங்கும்படி செய்தது. அதை இங்கே விதைக்க அனுமதி இல்லை. முதல் வழியை அவசரப்பட்டுச் செய்தால் வேறு தண்டனை: விதை பச்சையாக இருக்கும்போதே அறுத்துச் சூட்டில் சட்டென்று காய்ந்தால் பச்சையம் உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் பச்சை நிறத்தில் வரும், ஆலைக்காரர் விலையைக் குறைப்பார்.

நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்குக் கூப்பிடலாமே என்று கேட்கலாம். கூப்பிடலாம். கதிரடிக்கும் டிரம்மின் வேகத்தை நிமிடத்துக்கு 450 முதல் 650 சுற்றுக்குள் இறக்கி, காற்றாடியை மெதுவாக்கி, சல்லடையைச் சின்னதாக மாற்றி, முன்னால் பயிரை இழுத்துவிடும் ரீல், வண்டியின் வேகத்துக்கே சுற்றும்படி வைத்தால் கடுகும் வரும், கனோலாவும் வரும். நெல்லுக்கு ஓடிய மெஷினில் நெல் ஒழுகாத இடுக்கெல்லாம் கடுகு ஒழுகும். தொட்டியின் மூலை, தானியத்தைத் தள்ளும் திருகான ஆகரின் மூடி, கதவு விளிம்பு எல்லாவற்றையும் டேப் ஒட்டியோ சாக்கு திணித்தோ அடைக்க வேண்டும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டாக வரப்பு வைத்த மேட்டு நிலத்தில், டிரைவர் இத்தனையும் பொறுமையாக மாற்றித் தருவார் என்று நம்பிப் பயிர் போடுவது சரியான திட்டம் இல்லை.

ஆக, கையறுப்புதான். அதற்கு ஏற்றது நாட்டுக் கடுகு. முக்கால்வாசிக் காய் மஞ்சளானதும் ஆரம்பிக்க வேண்டும், முழுவதும் காயும்வரை காத்திருக்கக் கூடாது. செடியின் அடியில், நடுவில், உச்சியில் ஒவ்வொரு காய் உடைத்து, விதையை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். நசுங்காமல் உருண்டால் அறுக்கலாம். பனி உலரும் முன், எட்டு மணிக்குள் அறுத்து முடித்துவிட வேண்டும். ஈரத்தில் காய் மெத்தென்று இருக்கும், வெடிக்காது. கட்டைத் தலையில் தூக்கிப் போகும்போது கீழே பழைய புடவையோ சாக்கோ விரித்துச் சுருட்டுங்கள். வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும் கடுகு, அடுத்த மழையில் ஒற்றையடிப் பாதையில் முளைத்து நிற்கும்.

போர் போடும்போது காய் உள்ளே, வேர்ப்பக்கம் வெளியே. இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம். தார்ப்பாய் மேலேதான் போட வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் விட்டால் மிச்சப் பச்சையும் பழுத்துவிடும். நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அன்றே பிரித்துப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். பிறகு தடியால் அடித்தாலே போதும். ராகியையும் கொள்ளையும் தார் ரோட்டில் போட்டு வண்டியை ஏற்றுகிற வழக்கம் நம் மாவட்டங்களில் இருக்கிறது. கடுகை மட்டும் ரோட்டில் போடாதீர்கள். டயர் பள்ளத்தில் போனது திரும்பாது, வந்ததிலும் பொடிக்கல் கலந்திருக்கும். கடுகு அளவில் இருக்கும் கல்லை எந்த முறத்தாலும் பிரிக்க முடியாது.

தூற்றிச் சலித்து ஈரம் 8 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்து, உள்ளே பிளாஸ்டிக் உறை வைத்த மூட்டையில் கட்டுங்கள். பழைய சணல் சாக்கில் கட்டினால் மூட்டையைத் தூக்கும்போது அடியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும்.

கனோலாவுக்கும் நியாயம் செய்துவிடுவோம். எண்ணெய் 40 முதல் 45 சதவீதம் வரும், நாட்டுக் கடுகில் 35 முதல் 40. பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். கடுகுப் பிண்ணாக்கைக் காரத்தால் அளவோடுதான் கொடுக்க வேண்டும். சொந்தச் செக்கு வைத்திருப்பவர், நாலைந்து மாடு இருப்பவர், தளிப் பக்கம் இறவைத் தண்ணீர் உள்ளவர் என்றால் அவர் கணக்கு வேறு. அவருக்கும் முதலில் பார்க்கச் சொல்வது பூசா மஸ்டர்ட் 31 போன்ற ரகங்களை. ஜுன்சியாவிலேயே எரூசிக்கும் காரமும் குறைத்து எடுத்தவை. காய் கடுகின் காய், விதை கனோலாவின் விதை. மண்டியில் மட்டும் காரக் கடுகு என்று தள்ள முடியாது.

இரண்டில் எதைப் போட்டாலும் ஓசூர் முட்டைக்கோஸ் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு எச்சரிக்கை உண்டு. வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கோஸும் கடுகும் ஒரே வீட்டுச் சாப்பாடு. கோஸ் 25 வரிசைக்கு ஒருமுறை இரண்டு வரிசைக் கடுகு போட்டு அந்தப் பூச்சியை இழுத்துக்கொள்ளும் முறை உண்டு. அப்படிப் பொறியாக நட்ட கடுகை விதைக்கு வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள், அதில் பூச்சியும் மருந்தும்தான் மிஞ்சும். விதைக்கென்று போடும் கடுகில் அசுவினி வருவது மார்கழிக் கடைசியில். பூங்கொத்தின் நுனியில் சாம்பல் பூசியது போல ஒட்டியிருக்கும். ஓரத்தில் நாலு செடியில் மட்டும் தெரியும்போதே அந்த நுனிகளை ஒடித்துப் பைக்குள் போட்டுவிட்டால் மருந்துக்குப் போக வேண்டியதில்லை. அதையும் தாண்டிப் போனால் மருந்தை மாலையில் அடியுங்கள், பகலில் பூவில் தேனீ இருக்கும்.