மண் தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா?

சுட்ட மண் தொட்டியின் சுவரில் நுண்துளைகள் உண்டு. அதன் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கோடையில் தினமும், சில நாள் இருவேளையும் தண்ணீர் கேட்கும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை குறைவு. மழைக்காலத்தில் கதை மாறிவிடும்: நீர் தேங்கி வேர் அழுகுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் தொட்டியில்தான். அடியில் நாலைந்து துளை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பார்கள். உண்மையில் ஈரம் கல்லுக்கு மேலேயே நின்றுவிடும்.

உறைபனி விழும் இடங்களில் மண் தொட்டி விரிசல் விடும். எடையும் அதிகம். கற்றாழைக்கு நான் மண் தொட்டியைத்தான் எடுப்பேன். புதினாவுக்கு பிளாஸ்டிக் போதும். வெயில் படும் இடத்தில் கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம், வேர் வெந்துவிடும்.